சைலென்சர்ல வெள்ளை புகையா? ஹெட்டை இறக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க

போன வருஷம் ஒரு நாள் காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு கேட்டை திறக்க போனேன், திரும்பி பாத்தா தெருவே தெரியல, கார்ப்பரேஷன்ல இருந்து கொசு மருந்து அடிக்க வந்த மாதிரி வெள்ளை வெளேர்னு புகை. எதிர் வீட்டு அக்கா மாடிக்கு ஓடி கொடியில கிடந்த துணியெல்லாம் அள்ளிட்டு போறாங்க. பதினோரு வருஷ பெட்ரோல் கார், அதுவரைக்கும் பெருசா எந்த வம்பும் பண்ணாத வண்டி. தெரிஞ்ச மெக்கானிக்கை கூப்பிட்டேன், மனுஷன் பானட்டை கூட தூக்கல, சைலென்சர் பின்னாடி ரெண்டு நிமிஷம் நின்னாரு, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும், ஒரு 32,000 ரெடி பண்ணிக்கங்க"ன்னுட்டாரு. ஹெட்டுங்கறது இன்ஜினோட மேல் பாகம், அதுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல சீல் மாதிரி இருக்கற தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

கடைசில ஹெட்டும் இறங்கல, 32,000-மும் ஆகல. என்ன ஆச்சுங்கறத கொஞ்சம் கீழ சொல்றேன், ஏன்னா அது எப்படி பிடிபட்டுச்சுங்கறதுதான் இந்த மொத்த வழிகாட்டியோட விஷயமே.

விஷயம் இவ்ளோதான். வெள்ளை புகைன்னா வண்டியில இருக்கற ஏதோ ஒரு திரவம் எரியாம, இல்லேன்னா போகக்கூடாத வழியில இன்ஜினுக்குள்ள போயி, சூட்டுல ஆவியாகி பின்னாடி வருது. இன்ஜினை குளிர வைக்கற கூலன்ட்டா இருக்கலாம், எரியாத டீசலா இருக்கலாம், பிரேக் ஆயிலா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாம வெறும் தண்ணியாவும் இருக்கலாம். புகைய பாத்து ஜோசியம் சொல்றத விட, எது குறையுதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல, இது புகையா வெறும் ஆவியா

பெட்ரோல் எரிஞ்சா தண்ணி வரும், நிறைய பேருக்கு இது தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசா எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா சைலென்சர் வழியா போகுது. வண்டி சூடா இருக்கறப்ப அது கண்ணுக்கு தெரியாது. காலைல சைலென்சர் ஜில்லுன்னு இருக்கறப்ப அதே ஆவி உள்ளேயே குளுந்து வெள்ளையா தெரியும், பைப் நுனில சொட்டு சொட்டா தண்ணியும் விழும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் மார்கழி காலைல எல்லா வண்டியும் இப்படித்தான் புகை விடும், சமவெளியில இருந்து டூர் போனவங்க அத பாத்து பதறி மெக்கானிக் தேடினத நானே பாத்திருக்கேன். சிஎன்ஜி வண்டியில இன்னும் அதிகமா வரும், அந்த கேஸ்ல ஹைட்ரஜன் ஜாஸ்தி, அதனால தண்ணியும் ஜாஸ்தி.

எப்படி பிரிச்சு பாக்கறது? ஆவியா இருந்தா பைப்பை விட்டு வெளிய வந்து ரெண்டு மூணு அடி போறதுக்குள்ள காத்துல கரைஞ்சு காணாம போயிடும், பத்து நிமிஷம் ஓட்டினா சுத்தமா நின்னுடும். நிஜ புகை அப்படி கரையாது, தெருவுல மிதந்துகிட்டு நிக்கும், வண்டி நல்லா சூடானப்புறமும் வரும். இன்னும் சந்தேகம்னா ஒரு வெள்ளை பேப்பரை பைப்புக்கு ஒரு அடி தள்ளி அரை நிமிஷம் பிடிங்க, கையை கிட்ட கொண்டு போகாதீங்க சுட்டுடும். பேப்பர் நனைஞ்சு அப்புறம் காஞ்சு பழையபடி ஆயிடுச்சுன்னா தண்ணி. பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி எண்ணெய் கறை நின்னுடுச்சுன்னா டீசலோ இன்ஜின் ஆயிலோ. காஞ்சப்புறமும் தொட்டா பிசுபிசுன்னு இருந்தா கூலன்ட் மேல சந்தேகப்படுங்க.

வெறும் ஆவின்னு தெரிஞ்சா இதோட படிக்கறத நிறுத்திட்டு போய் காபி குடிங்க, உங்க வண்டிக்கு ஒண்ணும் இல்ல.

மோப்பம்

பைப்ல மூக்கை வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு விளையாட்டு இல்ல, மூடின ஷெட்டுக்குள்ள இந்த டெஸ்ட் எதையுமே பண்ணாதீங்க. வெளிய நிறுத்தி கொஞ்சம் தள்ளி நின்னு கையால விசிறி பாத்தாலே போதும். பாகு காய்ச்சற மாதிரி ஒரு இனிப்பு வாடை வந்தா கூலன்ட். கண்ணு எரிஞ்சு பச்சை டீசல் நாத்தம் அடிச்சா எரியாத டீசல். பிரேக் ஆயிலா இருந்தா மூக்கை அரிக்கற மாதிரி ஒரு கெமிக்கல் நெடி. புகைல லேசா நீலம் கலந்திருந்தா இன்ஜின் ஆயில் எரியுது, அது ரிங், வால்வ் சீல், டர்போன்னு வேற ரூட்டு, இங்க அதுக்குள்ள போகல. நீலமா வெள்ளையான்னு வெயில்ல சரியா தெரியாது, பின்னாடி ஒரு கருப்பு துணிய பிடிச்சு பாத்தா தெரியும்.

பிஎஸ்6 டீசல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. ஹைவேல போயிட்டு வந்து நிறுத்தினப்புறம் ஐடிலிங் கொஞ்சம் ஏறி, ஃபேன் ஓயாம ஓடி, பின்னாடி சூடான கருகல் வாடையோட லேசா வெள்ளை புகை வந்தா அது பெரும்பாலும் டிபிஎஃப், அதாவது புகைல வர்ற கரிய பிடிக்கற ஃபில்டர், தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கறது. 600 டிகிரி பக்கம் சூடேத்தி உள்ள இருக்கற கரிய எரிக்குது. பாதில ஆஃப் பண்ணாம முடியற வரைக்கும் ஓட விடுங்க.

டேப் வைத்தியம்

இதுக்கு செலவு பத்து ரூபா, ஸ்டேஷனரி கடையில பேப்பர் டேப் ஒண்ணு. காலைல இன்ஜின் ஆறி ஜில்லுன்னு இருக்கறப்ப, சமமான தரையில வண்டி நிக்கணும். கூலன்ட் ரிசர்வ் டப்பா மேல டேப் ஒட்டி இப்ப இருக்கற லெவல்ல பேனாவால கோடு போடுங்க. பிரேக் ஆயில் டப்பாவுலயும் அதே மாதிரி ஒரு கோடு. இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி தொடைச்சு விட்டு எடுத்து ஒரு போட்டோ. மூணு நாள் கழிச்சு அதே இடத்துல, அதே நேரத்துல, ஜில்லுன்னு இருக்கறப்பவே திரும்ப பாருங்க. சூடா இருக்கறப்ப பாத்தா கூலன்ட் விரிஞ்சு லெவல் ஏறி இருக்கும், ஏமாந்துடுவீங்க. புகை ரொம்ப ஜாஸ்தின்னா மூணு நாளெல்லாம் ஓட்ட வேணாம், தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து ஆறினதும் பாத்தாலே வித்தியாசம் தெரிஞ்சுடும்.

நான் இத பண்ணினப்ப கூலன்ட் கோட்டு மேலயே நின்னுச்சு, ஒரு மில்லி மீட்டர் கூட இறங்கல. ஹெட் கேஸ்கெட்டுன்னு சொன்ன மனுஷனோட வாதம் அங்கயே ஆட்டம் கண்டுடுச்சு. பக்கத்துல பாத்தா பிரேக் ஆயில் ஒரு விரக்கடை இறங்கி இருக்கு. நாலு வீல் உள்பக்கமும் டார்ச் அடிச்சு பாத்தேன், எங்கயும் ஈரமே இல்ல. அப்ப அந்த ஆயில் எங்கதான் போச்சு?

பிரேக் பெடலுக்கு முன்னாடி, பானட்டுக்குள்ள டிரைவர் பக்கத்துல கருப்பா உருண்டையா ஒரு டப்பா இருக்கும், அதுதான் பூஸ்டர், பெடலை லேசா மிதிச்சாலே பிரேக் பிடிக்க உதவறது. அது மேல பிரேக் ஆயிலை வீலுக்கு தள்ளற மாஸ்டர் சிலிண்டர் உக்காந்திருக்கும். பெட்ரோல் வண்டில பெரும்பாலும் பூஸ்டருக்கு வேக்கம், அதாவது உறிஞ்சற இழுப்பு, வர்றது இன்ஜினுக்கு காத்து போற மேனிஃபோல்டுல இருந்து, ஒரு தடிமனான ஹோஸ் வழியா. மாஸ்டர் சிலிண்டரோட பின்பக்க சீல் தேஞ்சா பிரேக் ஆயில் வெளிய சொட்டாம பூஸ்டருக்குள்ள இறங்கும், இன்ஜின் அத ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி உறிஞ்சி எரிச்சு புகையா விடும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அந்த ஹோஸை உருவி உள்ள டிஷ்யூ பேப்பரை சுருட்டி விட்டேன், நனைஞ்சு வந்துச்சு. அப்புறம் மேனிஃபோல்டு பக்கம் இருக்கற வாயை ஒரு போல்ட்டும் டேப்பும் வச்சு அடைச்சுட்டு வண்டிய நின்ன இடத்துலயே ஐடிலிங்ல விட்டேன், கால் மணி நேரத்துல புகை இளைச்சு நின்னே போச்சு. அந்த நிலைமைல வண்டிய எடுக்கவே கூடாது, பிரேக் கல்லு மாதிரி இருக்கும், லேசுல நிக்காது. நான் டோ பண்ணித்தான் கொண்டு போனேன். மாஸ்டர் சிலிண்டர் புதுசு, பூஸ்டர் ரப்பரையும் ஆயில் ஊற வச்சு கெடுத்துட்டதால பூஸ்டரும் புதுசு, லேபரோட 9,400 ஆச்சு. ஒரு மாசமா பெடல் கொஞ்சம் உள்ள போற மாதிரியே இருந்துச்சு, பேட் தேஞ்சிருக்கும்னு நானா முடிவு பண்ணி விட்டுருந்தேன், அந்த புத்திசாலித்தனத்தை இப்ப நினைச்சா வயிறு கலங்குது.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, பேட் தேய தேய பிரேக் ஆயில் லெவல் மாசக்கணக்குல மெதுவா இறங்கறது சகஜம். மூணு நாள்ல விரக்கடை இறங்கறது சகஜம் கிடையாது.

கூலன்ட்தான் குறையுதுன்னா

எல்லாருக்கும் என்னை மாதிரி அதிர்ஷ்டம் அடிக்காது, வெள்ளை புகையும் கூலன்ட் குறையறதும் சேந்து வந்தா ஹெட் கேஸ்கெட்டா இருக்க வாய்ப்பு நிறையவே இருக்கு. ஆனாலும் முதல்ல வெளிய லீக் இருக்கான்னு பாத்துருங்க, ராத்திரி வண்டிக்கு அடில பெரிய அட்டைய போட்டு வைங்க, ஹோஸ் க்ளிப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் அடில இருக்கற சின்ன ஓட்டை, உள்ள பாசஞ்சர் பக்க மேட் ஈரமா இருக்கான்னு எல்லாம் தொட்டு பாருங்க. வெளிய ஒண்ணும் இல்லேன்னா உள்ள.

அடுத்த நாள் காலைல, ராத்திரி முழுக்க ஆறின வண்டில ரேடியேட்டர் மூடிய திறங்க. சூடா இருக்கறப்ப திறந்தா கொதிக்கற தண்ணி முகத்துல பீச்சும், அதனாலதான் திரும்ப திரும்ப காலைல காலைலன்னு சொல்றேன். ஆறின வண்டில திறக்கறப்பவும் 'புஸ்'ஸுன்னு காத்து வந்தா அது ஒரு துப்பு, ராத்திரி முழுக்க பிரஷர் உள்ள நின்னிருக்கு, அத கொடுத்தது சிலிண்டர். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி வாயில பாருங்க, ரெண்டு மூணு குமிழி வந்து நின்னா உள்ள சிக்கின காத்து, சோறு கொதிக்கற மாதிரி நிக்காம குமிழி வந்துகிட்டே இருந்தா சிலிண்டரோட கம்ப்ரஷன் பிரஷர் கூலன்ட்டுக்குள்ள அடிக்குது. மூடி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி ஒரே நிமிஷத்துல ரேடியேட்டரோட மேல் ஹோஸ் கல்லா இறுகினாலும் இதே கதைதான், ஏன்னா இன்னும் சூடே ஏறாதப்ப பிரஷர் எங்கிருந்து வரும்?

ஆயில் ஊத்தற மூடிய திறந்து அடில பாருங்க. ஃபில்டர் காபி நுரை மாதிரி பழுப்பா படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. இதுல ஒரு சின்ன ஏமாத்து இருக்கு, தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற வண்டில இன்ஜின் முழுசா சூடாகாம மூடி அடில மட்டும் கொஞ்சம் நுரை படியும், அது ஒண்ணும் இல்ல. டிப் ஸ்டிக்குலயும் அதே காபி கலர் வந்துச்சுன்னா நிஜமாவே கலந்திருக்கு, அதுக்கு மேல சாவிய தொடாதீங்க, பேரிங் போயிடும். அதே நேரம் ஆயில் சுத்தமா இருக்குங்கறதால ஹெட் கேஸ்கெட் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல, கூலன்ட் நேரா சிலிண்டருக்குள்ள மட்டும் போறது ரொம்ப சாதாரணம்.

பெட்ரோல் வண்டின்னா பிளக் எல்லாத்தையும் கழட்டி வரிசையா வைங்க. மூணு பிளக் பழுப்பா, ஒண்ணு மட்டும் விம் போட்டு தேச்ச மாதிரி பளபளன்னு இருந்தா அந்த சிலிண்டர்தான், நீராவி கழுவி விட்டிருக்கு. ராத்திரி நிறுத்தின வண்டி காலைல செல்ஃப் அடிச்சா 'டக்'குனு நின்னு போகுதுன்னா சிலிண்டர்ல தண்ணி ரொம்பி இருக்கலாம், திரும்ப திரும்ப செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். பிளக்கை எல்லாம் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க, தண்ணி பீச்சி அடிக்கும், எதிர்ல நிக்காதீங்க.

இதுக்கு மேல கருவி வேணும், ஆனா கேட்டு பண்ண வைக்கலாம், ஹெட்டை இறக்கறதுக்கு முன்னாடி இந்த மூணும் பண்ணுங்கன்னு மெக்கானிக்கிட்ட கேக்கறதுல தப்பே இல்ல. முதலாவது கூலன்ட் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில கைப்பம்ப் மாட்டி மூடியில போட்டிருக்கற அளவுக்கு, அதாவது 0.9 இல்லேன்னா 1.1 பார்னு இருக்கும், அவ்ளோ மட்டும் ஏத்தி கால் மணி நேரம் விட்டா முள்ளு இறங்கக்கூடாது. ரெண்டாவது நீல தண்ணி டெஸ்ட், ரேடியேட்டர் வாயில ஒரு ட்யூப் வச்சு உள்ள இருக்கற காத்தை நீல கலர் திரவம் வழியா உறிஞ்சுவாங்க, எரிஞ்ச வாயுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு பட்டா அது மஞ்சளா மாறும். மாறிச்சுன்னா அப்புறம் வாதாடறதுக்கு ஒண்ணும் இல்ல. டீசல் வண்டில அந்த அளவுக்கு தெளிவா காட்டாது. மூணாவது கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் கொடுக்குதுன்னு பாக்கறது, பெட்ரோல்னா பொதுவா 150-ல இருந்து 200 பிஎஸ்ஐ, டீசல்னா 350-ல இருந்து 450 வரைக்கும் காட்டும், சரியான கணக்கு உங்க வண்டி மேனுவல்ல இருக்கறதுதான். நம்பரை விட வித்தியாசத்தை பாருங்க, பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து கம்மியா இருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கெட் கிழிஞ்சிருக்கு.

டீசல் வண்டில ஹெட்டுக்கு முன்னாடி சந்தேகப்பட வேண்டியது இஜிஆர் கூலர். புகை வாயுவ கூலன்ட் வச்சு குளிர வைக்கற பாகம் அது, உள்ள விரிசல் விட்டா கூலன்ட் இன்ஜினுக்குள்ள போகும், எல்லா அறிகுறியும் ஹெட் கேஸ்கெட் மாதிரியே இருக்கும். தனியா கழட்டி தண்ணிக்குள்ள வச்சு காத்தடிச்சு பாத்தா தெரிஞ்சுடும். இத பாக்காம ஹெட்டை இறக்கி ஏத்தி, திரும்ப புகை வந்து, ரெண்டாவது தடவ தலைல கை வச்சவங்க இருக்காங்க.

ஹெட்டை இறக்கியே ஆகணும்னா

இத வீட்ல பண்ண சொல்ல மாட்டேன், டைமிங் செயினோ பெல்ட்டோ ஒரு பல்லு தப்பினா பல வண்டில வால்வ் போய் பிஸ்டன்ல முட்டும். ஆனா பக்கத்துல நின்னு பாக்கறதுக்கு என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். ஹெட் போல்ட்டை ஓரத்துல இருந்து நடுவுக்கு கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும், ஏத்தறப்ப நடுவுல இருந்து ஓரத்துக்கு, ஒரே மூச்சுல முறுக்காம ரெண்டு மூணு கட்டமா, முறுக்கற அளவை காட்டற டார்க் ரென்ச் வச்சு. கை அளவுல முறுக்கறேன்னு சொல்ற ஆளுகிட்ட வண்டிய விடாதீங்க. இத்தனை டிகிரி திருப்பணும்னு மேனுவல்ல போட்டிருக்கற போல்ட் நிறைய வண்டில ஒரு தடவைக்குத்தான், அது இழுபட்டு நீளறதுக்குன்னே செஞ்சது, புது செட் வாங்குங்க.

இறக்கின ஹெட் மேல ஸ்கேல் மாதிரி நேரான பட்டைய வச்சு அடில இடைவெளிய அளக்கற மெல்லிசு தகடு, அதாவது ஃபீலர் கேஜ் விட்டு பாப்பாங்க, நிறைய வண்டிக்கு 0.05 எம்எம் பக்கம்தான் அனுமதி, அதாவது நம்ம தலைமுடிய விட மெல்லிசு. அதுக்கு மேல வளைஞ்சிருந்தா லேத்துல கொடுத்து ஃபேசிங் போடணும், அதாவது மேற்பரப்பை சீவி சமமாக்கணும், அதுக்கு முன்னாடி அங்கயே விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட்டும் பண்ண சொல்லுங்க, ஃபேசிங் போட்டப்புறம் விரிசல் தெரிஞ்சா அந்த காசும் போச்சு. சில ஹெட்டுல ஃபேசிங்கே போடக்கூடாது. டீசல்ல கேஸ்கெட் பல தடிமன்ல வரும், ஓரத்துல இருக்கற வெட்டு இல்லேன்னா ஓட்டை எண்ணிக்கைய பாத்து பழசு என்ன அளவோ அதே மாதிரி எடுக்கணும். பிளாக்ல போல்ட் ஓட்டைக்குள்ள தண்ணியோ ஆயிலோ தேங்கி இருந்தா காத்தடிச்சு வெளிய எடுக்கணும், அப்படியே முறுக்கினா பிளாக் விரிசல் விடும்.

அதோட முக்கியமான கேள்வி, கேஸ்கெட் ஏன் போச்சு? சும்மா போகாது, எங்கயோ ஓவர்ஹீட் ஆயிருக்கும். ஃபேன் ஓடலியா, கூலன்ட் வழிய திறந்து மூடற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சா, ரேடியேட்டர் அடைச்சிருக்கா, கூலன்ட்டுக்கு பதிலா வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தினீங்களா? ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதுல ஏசிய போட்டுகிட்டு ஃபுல் லோடுல ஏறறப்ப டெம்பரேச்சர் முள்ளு ஏறறத பாத்தும் 'மேல போய் நிறுத்திக்கலாம்'னு போனவங்க ஹெட்டுதான் நிறைய லேத்துக்கு வருது. காரணத்தை சரி பண்ணாம புது கேஸ்கெட் போட்டா அதுவும் போகும். தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்ப்பையும் அப்பவே மாத்திடறது நல்லது, திரும்ப பிரிக்கற லேபர்தான் வலிக்கும்.

டீசல் வண்டி, கூலன்ட் குறையல, ஆனா புகை

காலைல திணறி திணறி ஸ்டார்ட் ஆகி, கண்ணு எரியற வெள்ளை புகை விட்டு, அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுதுன்னா, ஸ்டார்ட் பண்றப்ப சிலிண்டரை சூடாக்கற ஹீட்டர் பிளக்கை பாருங்க. கழட்டாமயே வயரை மட்டும் உருவிட்டு மல்டிமீட்டர் வச்சா ஒரு ஓம் பக்கம் காட்டணும், ஒண்ணுமே காட்டலேன்னா அது செத்துடுச்சு. சூடானப்புறமும் புகை வருது, வண்டி உதறுதுன்னா டீசலை சிலிண்டருக்குள்ள தெளிக்கற நாசில் இல்லேன்னா கம்ப்ரஷன். ரிட்டர்ன் லைன்ல நாலு சின்ன பாட்டில் மாட்டி ஐடிலிங்ல விட்டு பாப்பாங்க, ஒரு பாட்டில் மட்டும் மத்ததை விட சீக்கிரம் ரொம்புச்சுன்னா அந்த நாசில் தேஞ்சிருக்கு, பம்ப் கடைல கொடுத்து பெஞ்சுல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க. காமன் ரெயில் வண்டில இன்ஜின் ஓடறப்ப ஹை பிரஷர் பைப்பை மட்டும் தளர்த்திடாதீங்க, 1,000 பாருக்கு மேல போற பிரஷர், டீசல் தோலை துளைச்சுகிட்டு உள்ள போயிடும்.

மழைக்காலத்துல, அதுவும் புது பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணின அடுத்த நாளே ஆரம்பிச்சுதுன்னா டீசல்ல தண்ணி. ஃபில்டர் அடில இருக்கற திருகை தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க, பத்து நிமிஷத்துல தண்ணி அடில தனியா நிக்கும்.

மஞ்சள் தூள்

லாரி ஓட்டறவங்க ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சள் தூள் கொட்டறது பழைய வழக்கம், சின்ன ஓட்டைய அது அடைச்சுடும், நடுக்காட்டுல நின்னா நானும் அதத்தான் பண்ணுவேன். கடைல விக்கற ஸ்டாப் லீக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனா ஹெட் கேஸ்கெட்டுக்கு இத ஊத்தினா எரியற பக்கத்து பிரஷருக்கு அது நிக்காது, மெல்லிசு குழாய் இருக்கற ரேடியேட்டரும் ஹீட்டரும்தான் அடைபடும், அப்புறம் ஓவர்ஹீட் ரெட்டிப்பாகும். வண்டிய வித்துடலாம்னு இருக்கறவங்க இத ஊத்திட்டு விக்கறதும் உண்டு, பழைய வண்டி வாங்கறப்ப ரேடியேட்டர் மூடிய திறந்து அடில விரல் விட்டு பாருங்க, மஞ்சளாவோ சகதியாவோ ஒட்டினா அப்படியே மூடிட்டு வீட்டுக்கு வந்துருங்க.

வேலை முடிஞ்சப்புறம்

கூலன்ட் கலந்த ஆயிலை மாத்தாம ஓட்டாதீங்க, மாத்தி 500 கிலோமீட்டர்ல ஃபில்டரோட இன்னொரு தடவ மாத்திடுங்க. புது கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்கு பாதி, ரெடிமிக்ஸா இருந்தா அப்படியே, காத்து வெளியேத்தி ஊத்தணும், காத்து சிக்கினா முள்ளு திரும்ப ஏறும். பழைய கூலன்ட்டை தெருவுல கொட்டாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும்.

அப்புறம் முதல் நாள் திரும்ப வெள்ளை புகை வந்தா உடனே மெக்கானிக்கோட சண்டைக்கு போயிடாதீங்க. சைலென்சருக்குள்ள ஏற்கனவே ஊறி கிடக்கறது எரிஞ்சு தீரணும், எனக்கு பைபாஸ்ல போய் வர ஒரு 30 கிலோமீட்டர் ஆச்சு. அதுக்கப்புறமும் வந்துச்சுன்னா டேப்ல புதுசா ஒரு கோடு போட்டு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிங்க.